ஏழு மணிக்கு எடுத்து வைத்த போன்

என் நாத்தனாரை நினைத்தால் மேசைமேல் மல்லாந்து கிடக்கும் டெலிபோன் ரிசீவர்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. நியாயமாக அவருடைய முகம் வர வேண்டும், வராது. சாயங்காலம் மணி ஏழு ஆனதும் அந்த ரிசீவரைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் அது குய்யோ முறையோ என்று கத்தும், பிறகு ஓய்ந்துவிடும். அதன்பின் செபமாலை. அந்த அரைமணி நேரம் உலகத்தில் எவரும் எங்கள் வீட்டைக் கூப்பிட முடியாது. எவரும் என்றால், என் புருஷனும்தான்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். புதுச்சேரியில் இது அதிசயமில்லை. தாத்தா எடுத்த குடியுரிமை பேரன் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கல்யாணமான எட்டாம் மாதம் அவருடைய படையை ஆப்பிரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடக்கும் ஒரு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திராத, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் பிரான்சுக்குப் போவதற்கான காகிதங்கள் வந்தபாடில்லை. ஆகவே நெல்லித்தோப்பில் பிறந்த வீட்டை விட்டு வந்த நானும், கல்யாணமே செய்துகொள்ளாத நாத்தனாரும், அவரில்லாத வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நாத்தனாருக்கு ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. அம்மா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, தம்பிக்கு நாலு. தூக்கி வளர்த்து ஆளாக்கியது அவர்தான்.

எனக்கு வாயும் ஜாஸ்தி, பயமும் ஜாஸ்தி. வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். டிவியில் பிரெஞ்சுச் செய்தி போட்டுப் பார்ப்பேன். பாஷை பாதி புரியாது, படத்தைப் பார்த்தே பயப்படுவேன். அவர் வாரத்துக்கு ஒருமுறை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டுமுறை கூப்பிடுவார். முகாமில் வரிசையில் நின்று பேச வேண்டும், அதனால் நேரம் அவர் கையில் இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம். மணி அடித்தால் ஈரத் தலையோடாவது நான்தான் ஓடிவந்து எடுப்பேன். கடைசி அரை நிமிடம் போனால் போகிறதென்று நாத்தனாரிடம் கொடுப்பேன். அவர் “ஒடம்பப் பாத்துக்கடா” என்பதற்குள் கட்டாகிவிடும். அது எனக்குத் தப்பாகவே படவில்லை. புருஷன் யாருக்கு?

“அக்கா, அவரு இந்த நேரம் பாத்து கூப்ட்டா என்னா பண்றது?” என்று கேட்காத நாளில்லை.

“திருப்பிக் கூப்புடுவான். ஆண்டவர்கிட்ட பேசிக்கினு இருக்கச்சே நடுவுல இன்னொரு பேச்சு எதுக்கு?”

அந்த நிதானத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெஞ்சில் ஈரமே இல்லாத பக்தி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே முழங்காலில் நிற்பேன்.

செபத்திலும் எனக்கு ஒரு திருட்டுத்தனம் இருந்தது. செபமாலையின் ஒரு பத்து மணிகளை நாத்தனார் தொடங்க, அடுத்த பத்து நான் தொடங்க என்று மாற்றி மாற்றிச் சொல்வோம். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபம் வரும். நாத்தனார் பழைய வழக்கப்படி அதைப் பரலோக மந்திரம் என்பார். அதில் முதல் பாதியைத் தொடங்குகிறவர் சொல்ல வேண்டும், மீதியை மற்றவர். ‘உம் சித்தம் ஆகட்டும்’ என்று கேட்கும் இடம் முதல் பாதியில் இருக்கிறது. என் முறையில் அந்த இடம் வந்தால் இருமுவேன், இல்லாவிட்டால் வாய்க்குள்ளேயே மென்று தாண்டிவிடுவேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஆயிரம் தடவை சொன்னதுதான். ஆனால் அவர் அங்கே துப்பாக்கிகளுக்கு நடுவில் இருக்கும்போது நான் வாய்விட்டுச் சொல்லி, ‘சரி, நீயே சம்மதித்துவிட்டாய்’ என்று ஆண்டவர் எடுத்துக்கொண்டால்? ஆண்டவர் சித்தம் என்னவென்று யார் கண்டது? வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடச் சொல்வது போல இருந்தது எனக்கு.

ஒருமுறை பதினோரு நாள் போன் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் டிவியில் ஒரு ராணுவ லாரி எரிந்து கிடப்பதைக் காட்டினார்கள். அந்த நாட்டின் பெயர் புரிந்தது. செத்தவர்களைச் சொல்லும் வார்த்தையும் புரிந்தது. எத்தனை பேர், எந்தப் படை, ஒன்றும் பிடிபடவில்லை. அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ரெஜிமென்ட் நம்பருக்கு மூன்று தடவை போட்டேன், எடுக்க ஆளில்லை. சோறு வடிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு நாத்தனார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கை கால் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, ஏழு மணிக்கு வழக்கம்போல ரிசீவர் பக்கம் கையை நீட்டினார்.

“எடுக்காதீங்க!” என்று கத்தினேன். “இன்னிக்கும் எடுத்து வெச்சீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன். ஒங்களுக்கு சாமிதான் பெருசு. பெத்திருந்தாதானே தெரியும்?”

அவர் கையை இழுத்துக்கொண்டார். சொன்ன நாக்கை அப்போதே கடித்துக்கொண்டேன், என்ன பிரயோசனம்?

இரண்டாவது பத்தின் நடுவில் போன் அடித்தது. மத்தியானத்திலிருந்து அதற்காகத்தான் தவம் கிடந்தேன். அடித்ததும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நாத்தனாரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, பட்டாசுக்குப் பயந்த பிள்ளை மாதிரிக் குறுகிப்போயிருந்தார். எப்படியோ தவழ்ந்து போய் எடுத்தேன். நெல்லித்தோப்பிலிருந்து என் அம்மா. “டிவி பாத்தியாடி?” என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

திரும்ப வந்து முழங்காலில் நின்று, விட்ட பத்தை எப்படியோ முடித்தோம். மூன்றாவது பத்து நாத்தனாருடைய முறை. பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

“பக்தின்னு நெனச்சிக்கினியா?” என்றார், என்னைப் பார்க்காமலே. “பயம்டி. எங்கம்மா செத்த சேதி பக்கத்து வூட்டு போன்லதான் வந்துச்சு. நான்தான் போயி பேசினேன். தம்பி போனதுலேர்ந்து இது எப்ப அடிச்சாலும் எனக்கு உசுரு போயி உசுரு வருது. நீ ஓடிப்போயி எடுக்கற பாரு, அதுல எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? இந்த அரைமணி நேரம்தான் அது அடிக்காதுன்னு தெரிஞ்சி ஒக்காந்திருக்கேன்.”

அவர் தொடர்ந்தார். “நீ அந்த எடத்துல இருமறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நான் மட்டும் என்னா யோக்கியம்? வாயால சொல்லுவேன். மனசுக்குள்ள, ‘அவன வுட்டுட்டு மத்ததெல்லாம்’னு சேத்துக்குவேன். இன்னிக்கு வாயாலயும் வரமாட்டேங்குது.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “கூடச் சொல்லுங்கக்கா” என்றேன். அவருடைய பாதியை நான் எடுத்தேன். அந்த வரியை முழுசாக, சத்தமாகச் சொன்னேன். பாதியில் அவர் குரலும் வந்து சேர்ந்துகொண்டது. தைரியத்தில் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். போன் பக்கத்தில் நான் காவல் இருப்பதால்தான் என் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்பதுபோல அத்தனை மாதம் அவரைப் பிடித்து வைத்திருந்தேன். எந்தக் கையால் பிடித்தேன்? என் கையில் என்ன இருந்தது? “நீரே பார்த்துக்கொள்ளும்” என்று அன்றைக்குக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

முடிந்ததும், சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். “வுடுடி. ஒன் வாயி ஊருக்கே தெரிஞ்சதுதான்” என்றார். பிறகு, “பசிக்குது, ரெண்டு தோச ஊத்து” என்றார்.

ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்கிறவர்கள் வெளிச்சம் கண்டேன், குரல் கேட்டேன் என்பார்கள். எனக்கு அப்படியொன்றும் நடக்கவில்லை. பசித்தது, தின்றேன், படுத்தேன், தூங்கினேன். செய்தி ஏதும் தெரியாத அடுத்த மூன்று ராத்திரியும் தூங்கினேன். இன்றைக்கும் நான் காஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடிவரும் ஆள்தான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று செல்போன் நொடியில் சொல்லிவிடுகிறது. பதினைந்து நிமிடம் பதில் வராவிட்டால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. நாத்தனார் போய் ஆறு வருடமாகிறது. அப்படி வியர்க்கும்போதெல்லாம் அவர் மணிக்கட்டைத் தேடுகிறேன். பிறகு அந்த வரியைத் தனியாகவே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் உடனே அடங்கும், சில நாள் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ராத்திரிக்குப் பின் நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை கண்டு வீட்டுக்குள் நுழைகிறோம், போன் அடிக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நீங்க எடுங்கக்கா” என்றேன்.

“நானா?”

“நீங்கதான்.”

போய் எடுத்தார். “அலோ” என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “யப்பா... தம்பி...” ரிசீவரிலிருந்து கசிந்து வந்த குரலை எட்டி நின்றே அடையாளம் கண்டுகொண்டேன். கிணற்று மோட்டார் ரிப்பேரானதிலிருந்து கோயில் திருவிழா வரை நாத்தனார் சொல்லிக்கொண்டே போனார். அத்தனை மாதமும் அரை நிமிடத்துக்குள் அடங்காமல் கிடந்த பேச்சு. நடுவில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “ஒன்னக் கேக்கறான்டி, வா வா” என்றார்.

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. நீங்க பேசுங்க.”

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குரல் நின்றுபோனது எனக்கே கேட்டது. நாத்தனார் இன்னும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கட்டாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.