பாட்டின் நீளம்

எங்கள் வீட்டில் ஒலிக்கும் பாட்டுக்கு வார்த்தை கிடையாது, பாடகர் கிடையாது, முடிவும் கிடையாது. நான் பள்ளியில் படித்த காலத்தில் வெளிநாட்டில் டிவியோடு இணைத்து விளையாடும் சின்னக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. சத்தம் போடுவதற்கென்றே அவற்றுக்குள் ஒரு சிப் இருக்கும். அதற்கு மூன்றே குரல்தான். நான்காவதாக ஒரு சுரம் வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று வாயை மூட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் அந்தச் சிப் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகாட்டும் மென்பொருளை யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை என் பழைய லேப்டாப்பில் போட்டு அந்தக் காலத்துப் பாட்டுகளைக் கேட்கிறேன். என் மனைவிக்கு அது பாட்டே அல்ல. கிய்யா கிய்யா என்பாள்.

அப்படி ஒரு கம்ப்யூட்டர் எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு பொத்தானை அழுத்தலாம் என்றார் வாத்தியார். முன்னால் நின்றவன் அழுத்தியதும் டிவியிலிருந்து ஐந்தாறு சுரங்கள் படபடவென்று ஏறி இறங்கின. என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அறையைத் திறந்து நான் பார்க்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் இந்தக் கூத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் காது. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் யூனிட் ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சூளையிலிருந்து வரும் ஜாடியையும் கப்பையும் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல சாமான் கணீரென்று நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். இருபத்தெட்டு வருடமாகத் தட்டித் தட்டி, டீக்கடையிலும் கிளாஸைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆளாகிவிட்டேன்.

இந்தப் பாட்டுகளில் ஒரு சங்கடம் உண்டு. இவை பதிவு செய்தவை அல்ல, சிப்புக்குக் கொடுத்த கட்டளைகள். இதை வாசி, அடுத்து இதை வாசி, முடிந்ததும் முதலிலிருந்து வாசி. நிறுத்து என்று பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் என்னைப் போன்ற வேலையற்றவர்கள் உலகம் முழுக்கச் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாட்டையும் காது கொடுத்துக் கேட்டு, எந்த இடத்தில் மறுபடி தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, நிமிடமும் வினாடியும் எழுதி அனுப்ப வேண்டும். நேரம் குறித்த பாட்டை மென்பொருள் அந்த நேரத்தில் நிறுத்தும். குறிக்காத பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் எழுதி அனுப்பினால் ‘நன்றி’ என்று ஒரு சொல்லில் பதில் வரும். சில வாரங்களில் எனக்கென்று யாராவது எழுதியது அது ஒன்றுதான்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி சென்னைக்குப் போனாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு இங்கே வேலை. ஆறு மாதம் என்றுதான் பேச்சு, அது மூன்று வருடமாகிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை என்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கும். தினமும் காலையில் போன் செய்வாள். “சாப்பிட்டீங்களா?” என்பாள். “ஆச்சு” என்பேன். “மாத்திரை?” என்பாள். “ஆச்சு” என்பேன். தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது. சொன்னால் அவள் அங்கே அழுவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது வெறும் வீம்பு.

மாசி மகத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் வீட்டைக் கழுவித் துடைத்து, கட்டில் விரிப்பைக்கூட மாற்றி வைத்தேன். சனிக்கிழமை போன் வந்தது.

“பாப்பாவுக்கு சளி பிடிச்சிருக்குது. அடுத்த மாசம் வரேங்க.”

“யாரும் வர வேணாம். போனும் பண்ண வேணாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நேரம் குறிக்காத பாட்டு ஒன்றைப் போட்டேன். குளிக்கும்போதும் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துவிட்டுப் பின்பக்கக் குளியலறைக்குப் போனேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. கணுக்காலில் ஏதோ நொறுங்கியது கேட்டது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. முதுகும் பிடித்துக்கொண்டது. குளியலறை வாசற்படி வரை நகர்ந்து துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதற்கு மேல் ஓர் அடி முடியவில்லை.

கூடத்தில் பாட்டு ஓடியது. போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா சந்துப் பக்கம் வந்து, எங்கள் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று, பாட்டுக்கு மேல் குரலை உயர்த்திப் போனில் பேசுவது கேட்டது.

“வூட்டுலதாங்க இருக்காரு. உள்ள அந்தப் பாட்டு ஓடிக்கினு இருக்குது.”

நான் கத்தினேன். ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் ஸ்பீக்கர் இருந்தது. அவர் பேசியது எனக்குக் கேட்டது, நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. மறுமுனையில் என் மனைவி, “கோவமா இருக்காரு, விடுங்க” என்றாளாம். இது பிறகு தெரிந்தது. அந்த அம்மா போய்விட்டார். நான் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறேன் என்று எனக்காகச் சாட்சி சொன்னது அந்தப் பாட்டுதான்.

மத்தியானம் வரை கத்தினேன். பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பாட்டைக் கேட்டேன். மூன்றாவது குரல் நான்காம் சுற்றில் ஒரு சுரத்தை மாற்றிப் போடுகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. நான்கு சுற்றும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு. அத்தனை வலியிலும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதை நினைத்து அழுகை வந்தது. இதைச் சொல்வதற்குக்கூட எனக்கு ஆள் இல்லை. நான் இங்கே விழுந்துகிடப்பது தெரியாமல் ஊர் நடக்கும், நாளை யூனிட்டில் நான் வரவில்லை என்று ஒரு கோடு போடுவார்கள் என்று தோன்றியது. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. பாட்டு பட்டென்று நின்றது. தெருவில் ஒவ்வொருவராக வெளியே வந்து, எங்கே போனது, எப்போது வரும் என்று பேச ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த குரலில் கூப்பிட்டேன்.

“சாருங்களா அது?” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. ஆட்கள் வந்து பின்கதவின் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள்.

அன்று ராத்திரி பஸ் பிடித்து மனைவி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாற்பது நாள் கூட இருந்தாள். நான் அந்தப் பாட்டின் நேரத்தைக் கடிகாரம் வைத்துச் சரிபார்த்து அனுப்பினேன். இந்த முறை நன்றியோடு, ‘இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று ஒரு கேள்வியும் வந்தது. நான் பதில் எழுதவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு சென்னைக்குக் கிளம்பும்போது லேப்டாப்பின் எதிரில் வந்து நின்றாள்.

“இது தானா நிக்காதா?”

“நிக்க வைக்கலாம்.”

“அப்ப மூணு நிமிஷத்துல நிக்கிற மாதிரி வெச்சுடுங்க. நின்னா நீங்கதான எழுந்து போடணும்.”

பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனாள். பாட்டு நின்று ரொம்ப நேரமானால் தனக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று.

அன்றிலிருந்து எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தில் நிற்கிறது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போய் அடுத்ததைப் போடுகிறேன். வீட்டில் இருப்பதாகத் தெருவுக்குத் தெரிவிப்பது எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டு நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. யாராவது வருகிறார்களா பார்க்கலாம் என்று சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரம் ஆனது. போன் அடித்தது.

“பாட்டு நின்னுடுச்சாமே. என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல” என்றேன். எப்போதும் அங்கேயே முடித்துவிடுவேன். அன்று முடியவில்லை. “தனியா இருக்க முடியல. வந்துடேன்.”

போனில் அவளுக்குப் பின்னால் பேத்தி அழுதாள், என்னவோ விழுந்து உருண்டது.

“வெச்சுடாதீங்க” என்றாள். “பாட்டப் போடுங்க, கேட்டுக்கினே இருக்கேன். பாப்பாவத் தூக்கிக்கினு இதோ வந்துடறேன்.”

போனை ஸ்பீக்கர் அருகில் வைத்தேன். லேப்டாப்பில் அந்த மூன்று நிமிடக் கெடுவை எடுத்துவிட்டு, நேரம் குறிக்காத பாட்டு ஒன்றைப் போட்டேன். அவள் திரும்பி வரும் வரை அது நிற்கக் கூடாது.