கிணற்றடியால் போகும் வாளி

மலசலகூடம் என்ற சொல்லைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன பிறகுதான் நான் வாயால் சொல்லிப் பழகினேன். ஊரில் அதைக் கக்கூஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பெயராலும் சொல்வதில்லை, அப்படி ஒன்று எங்களிடம் இருக்கவில்லை. தென்மராட்சியில் இன்னொருவருடைய காணியில் குடியிருந்தோம். கொட்டில் போட்டுக்கொள்ளலாம், குழி வெட்டக் கூடாது. அம்மாவும் தங்கைகளும் விடியுமுன்னே பக்கத்துப் பனை வடலிக்குள் போய்வருவார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கூடப் படித்த ஒருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. காரணம் கேட்டால் தூரம் என்று சொல்லிவிடுவேன்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்குக் கரையோரத்துச் சனங்கள் ஷெல்லுக்குப் பயந்து கிளம்பி வந்த காலத்தில், கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் மேற்பார்வையாளனாகச் சேர்ந்திருந்தேன். அவர் மன்னார், முல்லைத்தீவு என்று சண்டை நடக்கிற பக்கமாகவே வேலை எடுத்தவர். "நல்ல இடத்திலை கட்ட நூறு பேர் நிப்பாங்கள். ஹெலி சுத்திற இடத்திலை கட்ட நான் ஒருத்தன்தான்" என்று பெருமையாகச் சொல்வார்.

நெல்லியடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாடசாலையில் அந்தச் சனங்களில் ஒரு பகுதியினர் தங்கியிருந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்குக் கக்கூஸ் கட்டச் சொல்லி எங்களிடம் வேலையைத் தந்தது. சீமெந்து கொண்டுவரத் தடை இருந்தது. அனுமதியோடு வந்த கொஞ்ச மூடைகளைத் தளத்துக்கு ஒதுக்கி, சுவரைக் கல்லாலும் களிமண்ணாலும் எழுப்பினோம். இடம் குறித்தது நான். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் குழி வெட்ட வேண்டும் என்று படித்திருந்தேனோ, அதைவிடத் தள்ளி, மைதானத்தின் மறுகோடியில் வரிசையாகக் கட்டுவித்தேன். கதவெல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஆண்கள் போனார்கள். பெண்கள் ஒருவரும் போகவில்லை. முன்புபோலவே இருட்டோடு வேலிக்கு அப்பால் இருந்த வடலிக்குள்தான் போய்வந்தார்கள்.

அந்த வடலிக்காணிக்காரர் ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். பாடசாலைக் காணியே அவருடைய தகப்பன் எழுதிக் கொடுத்தது. அதிபர் அவருடைய சொல்லைத் தட்ட மாட்டார்.

"கக்கூஸ் கட்டினாப் பிறகு எல்லாம் சரிவரும் எண்டியள்," என்றார் கொந்தராத்துக்காரரிடம். "கட்டியாச்சு. இண்டைக்கும் என்ரை காணிக்குள்ளை கால் வைக்கேலாமல் கிடக்கு. மழைக்கு முன்னம் உது நிக்காட்டி, சனத்தை வேறை இடம் பாக்கச் சொல்லி அதிபரிட்டைச் சொல்லிப்போடுவன்."

அந்தச் சனங்கள் ஏற்கெனவே இரண்டு இடத்தில் இருந்து எழும்பி வந்தவர்கள். மழைக்காலம் தொடங்க அதிக நாள் இருக்கவில்லை.

அவர் போனதும் நான் கொந்தராத்துக்காரரைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறாய்? கட்டிக் குடுத்திட்டன். பிடிச்சு இருத்திறதும் என்ரை வேலையோ? நீ படிச்சனி, நீ போய்க் கேள்."

வகுப்பறைகளின் பின்பக்கத்தில் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு அக்கா. ஊரில் மீன் விற்றவர். மைதானத்தின் அந்தக் கரையில் நின்றாலும் குரல் இந்தக் கரைக்குக் கேட்கும். எல்லோருக்கும் பதிலாக அவர்தான் பேசுவார்.

"அக்கா, ஏன் நீங்கள் ஒருத்தரும் அங்காலை போறேல்லை?"

"எங்காலை தம்பி?"

"அந்த... மலசலகூடத்துக்கு."

"ஓ, அதுக்கோ! பெருநாளுக்கு இன்னும் கொடியேறேல்லை. கொடியேறினாப் பிறகு போவம் எண்டு இருக்கிறம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஓரத்தில் இருந்த ஒரு இளம்பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறு பிள்ளை. தம்பி முதல் இதைச் சொல்லட்டும். உம்மடை வீட்டிலை பொம்பிளையள் எங்கை போறவை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இஸ்திரி போட்ட சேட்டுப் போட்டிருந்தேன், பொக்கற்றில் பேனை இருந்தது.

"எங்கடை வீட்டிலை உள்ளுக்கே இருக்கு அக்கா," என்றேன். யாரும் கேட்காமலே, "பைப்பிலை தண்ணி வரும்," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்காவின் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. "அப்ப உமக்கு விளங்காது ராசா. போய் வேலையைப் பாரும்," என்று பானைப் பக்கம் திரும்பினார். அந்த இளம்பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே நின்று அடுப்பு வெளிச்சத்தை மறைத்ததுதான் மிச்சம்.

மறுநாள் மத்தியானம் அதிபர் வந்து, சனங்களை ஏற்ற லொறி ஒழுங்குபண்ணப் போவதாக வகுப்பறை வகுப்பறையாகச் சொல்லிக்கொண்டு போனார். யாரும் அழவில்லை. ஒரு கிழவர் மட்டும் தன் பாயை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். "இப்ப இல்லை அப்பு" என்று சொல்லியும் அவர் நிறுத்தவில்லை.

அக்கா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். கொந்தராத்துக்காரரும் அங்கே கால் கழுவிக்கொண்டு நின்றார். அவர் போகட்டும் என்று கொஞ்சம் பார்த்தேன். அவர் போகிற மாதிரித் தெரியவில்லை.

"அக்கா, நேற்றுச் சொன்னது பொய். எங்கடை வீட்டிலை இல்லை. அம்மா ஆக்கள் வடலிக்குத்தான் போறவை."

கொந்தராத்துக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அக்கா கயிற்றை விடவில்லை.

"பிறகென்னத்துக்குப் பொய் சொன்னனீர்?"

"வெக்கமாயிருந்தது."

"எங்களுக்கும் அதுதான் தம்பி."

வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு மைதானத்தைக் காட்டினார். "இதிலை தண்ணி அள்ளவேணும். ஆம்பிளையள் குளிச்சுக்கொண்டு நிப்பாங்கள். வாளியையும் தூக்கிக்கொண்டு இந்த வெளியாலை அந்தக் கரைமட்டும் நடக்கவேணும். பெருநாளிலை மாதா கூடு சுத்திற மாதிரி! பாட்டும் வெடியும்தான் இல்லை. ஆர் போறாள், எத்தினை தரம் போறாள், வயித்துக்கு என்ன எண்டு முழுப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். செத்தாலும் எங்கடை பெட்டையள் போகாளவை."

வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் யாராவது நின்றால் அம்மா வடலியிலிருந்து நேரே வராமல், வேலியைச் சுற்றி வேறு வழியால் வருவார். அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தை அளந்தபோது அது ஒருதரமேனும் நினைவுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி.

வகுப்பறைகளின் பின்பக்கத்திலிருந்து கக்கூஸ் வரிசைவரைக்கும் ஆள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் ஓலைவேலி அடைத்து ஒரு ஒழுங்கைபோல ஆக்குவது, முடிவில் ஒரு பீப்பா வைத்துக் காலையிலேயே ஆண்கள் தண்ணீர் நிரப்பிவிடுவது என்று அக்காவோடு கதைத்து முடிவெடுத்தோம். சீமெந்து வேண்டாம், ஓலைதான் வேண்டும். ஓலை காணிக்காரருடைய வடலியில் இருந்தது. அவரிடம் நானே போனேன். திட்டத்தை இரண்டுதரம் சொல்லச்சொல்லிக் கேட்டார்.

"சரி, ஓலை வெட்டலாம்," என்றார் கடைசியில். "வேறை ஒண்டுக்கும் ஆக்கள் உள்ளுக்கை வரக்கூடாது. நான் வந்து பாப்பன்."

வேலி அடைத்த நாட்களில் கொந்தராத்துக்காரர் மேசன்மாருக்கு முன்னால் என்னை "வடலி இஞ்சினியர்" என்று கூப்பிடத் தொடங்கினார். "வடலி இஞ்சினியர் வாறார், வழிவிடுங்கோடா." அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொக்கற்றில் பேனை குத்துவதைப் பிறகு விட்டுவிட்டேன், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வேலி முடிந்த மறுநாளே பெண்கள் அதன் மறைவால் போய்வரத் தொடங்கினார்கள். காணிக்காரர் சொன்னபடியே வந்து வடலிக்குள் ஒரு சுற்று நடந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். லொறிக் கதையை அதிபரும் பிறகு எடுக்கவில்லை. கிழவரின் பாய் மட்டும் சுருட்டியபடியே சுவரில் சாய்ந்திருந்தது.

மழை பிடித்த அன்று வேலை முடித்துப் புறப்பட்டேன். அக்கா வகுப்பறை வாசலில் நின்றார்.

"தம்பி, இந்த மழைக்குள்ளை கொம்மா எங்கை போவா?"

"வடலிக்குத்தான் அக்கா."

"எங்களுக்கு இத்தினை கட்டினீர். அவவுக்கு ஒண்டு கட்டேலாதோ?"

"காணி எங்கடையில்லை."

அவர் தலையை ஆட்டினார். "ஊரிலை எங்கடை காணியிலை கல்லாலை கட்டினது ஒண்டு நிக்குது. நாங்கள்தான் அங்கை போகேலாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையில் திரும்பியபோது, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அம்மா வடலிப் பக்கமிருந்து சேற்றில் கால்வைத்து வந்துகொண்டிருந்தார். சைக்கிளைத் திருப்பி, அவர் உள்ளே போய்ச் சேரும்வரை கண்ணில் படாமல் ஒழுங்கை முடக்குக்கு அப்பால் நனைந்துகொண்டு நின்றேன்.