பெரட்டுக்களத்தில் நின்ற வசந்தி

எந்தக் காலத்துக்கும் போகக்கூடிய வழியொன்றைக் கையில் வைத்திருந்த மனிதர், தன் கதைப் பிள்ளைகளை ஏன் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு அனுப்பினார்? அரசர்கள் இருந்தார்கள், கப்பல்கள் இருந்தன, யானைப் படைகள் இருந்தன. சிறுவர் கதை எழுதிய பழனிமுத்துவின் பிள்ளைகளோ ஒவ்வொரு புத்தகத்திலும் ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கேகாலை ரப்பர் தோட்டத்துக்கே போனார்கள். எனக்கு இதற்குப் பதில் தெரியாது. அவரிடம் கேட்டபோது சிரித்தார். இனிக் கேட்கவும் முடியாது.

வரக்காப்பொலவில் அச்சகம் வைத்திருக்கும் நிசார் நானாதான் செய்தி சொன்னார். "மிஸ், நம்ம பழனிமுத்து ஐயா போய்ட்டாரு. காலையில குடிக்க பிளேன்டி கேட்டிருக்காரு. கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்." எனக்கு முதலில் வந்தது எரிச்சல். எனக்கும் பழனிமுத்துவுக்கும் இடையில் ஒரு வாக்குவாதம் பாதியில் நின்றிருந்தது.

அவருடைய புத்தகங்களை உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள். வசந்தியும் அவள் தம்பி குமாரும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறைக்குள் ஒளிந்து விளையாடுவார்கள். புகை கலையும்போது 1920களில் நிற்பார்கள். அங்கே ஒரு துரை இருப்பார், தங்கமான மனசு, பையில் எப்போதும் பிஸ்கட். கங்காணி கோமாளி. கடைசி அத்தியாயத்தில் அவர் கட்டாயம் சாணியில் விழவேண்டும். குமார் கைபேசி வெளிச்சத்தைக் காட்டி எல்லாரையும் மிரட்டுவான். அட்டை கடிக்காது, காய்ச்சல் வராது, யாரும் சாகமாட்டார்கள். ரொட்டி ஆறுவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறவள். இந்தப் புத்தகங்களை அருவருப்புடன்தான் படித்தேன். அந்த வருடங்களில் நம்மவர்கள் பட்டதை இவர் சுற்றுலாவாக்கிவிட்டார்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருக்கலாம். அவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவரின் மகன். தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் தெரிந்தவர் வேண்டுமென்றே அதைப் பிஸ்கட்டால் மூடினார்.

கேகாலையில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டில் இதை மேடையிலேயே சொன்னேன். விடியற்காலையில் தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். அங்கே வசந்தியும் குமாரும் கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பதாக அவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் பெரட்டுக்களத்தில் வேடிக்கை பார்க்கிறவர் என்று யாரும் கிடையாது. நின்றால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழும். பிள்ளைகள் என்றால் பாதிக் கூலிக்கு அரைப்பேர், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தவறைத் தோட்டத்தில் பிறந்தவர் செய்யலாமா என்று கேட்டேன்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னைத் தேடி வந்தார், கையில் மீன் வைத்த இரண்டு மாலு பாண்.

"நல்லா திட்டுறீங்க மிஸ். எங்க சம்சாரம் செத்த பொறவு இப்படி யாரும் திட்டல. சாப்புடுங்க."

"நான் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள்."

"என்னத்த சொல்றது? நம்ம ஆளுக கதைன்னாலே அழுகைதான். எல்லாரும் அழ வைக்கிறாங்க. நா ஒருத்தன் சிரிக்க வச்சா ஒங்களுக்கு வலிக்குதா?"

வலிக்கிறது என்றேன். மாலு பாணை வாங்கவில்லை.

அவர் கடைசிப் புத்தகத்துக்கு என் முன்னுரையைக் கேட்டு வந்தார். பாடசாலை நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறவர்கள், கதையில் வரும் வரலாறு சரியென்று பல்கலைக்கழகத்தில் யாராவது எழுதித் தந்தால்தான் வாங்குவோம் என்றிருந்தார்கள். அவர்கள் வாங்கினால்தான் நிசார் நானாவுக்கு அச்சடிக்கக் கட்டுப்படியாகும். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வசந்தி பெரட்டுக்களத்தில் நிற்கட்டும். அங்கே உண்மையில் என்ன நடந்திருக்குமோ, அது நடக்கட்டும்.

அவர் எழுதிக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளை வசந்திக்குப் பேர் போடுகிறார். புல் வெட்டும் கூட்டத்தோடு அவளை மலைக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் அவள் திரும்பும் வழியான புகை அடங்கிவிடுகிறது. வசந்தி திரும்பவில்லை. அவர் எழுதியதில் எனக்குப் பிடித்த ஒரே அத்தியாயம் அதுதான். முன்னுரை தருவதாகச் சொன்னேன்.

"பொறுங்க மிஸ். மொதல்ல புள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டணும். அவங்க தலையாட்டினாத்தான் நானாகிட்ட குடுப்பேன்."

பெல்மதுளைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போனோம். அவர் நன்றாக வாசிப்பார், அதை மறுக்கமாட்டேன். கணக்கப்பிள்ளையின் குரலில் அதட்டியபோது முன்வரிசை பின்னால் நகர்ந்தது. வாசித்து முடித்தார். யாரும் அழவில்லை.

ஒரு பையன் எழுந்தான். "அந்தக் கணக்கப்பிள்ளைக்கு சிங்களத்துல நல்லா நாலு ஏச்சு குடுத்துட்டு ஓடி வந்திருக்கலாமே சேர்?"

"ஆமா, நீ பெரிய இவரு. நேத்து நாய்க்கு பயந்து மரத்துல ஏறினவன்தானே?" என்றாள் அவனுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறுமி. வகுப்பு சிரித்து அடங்கியதும் அவளே அவரைப் பார்த்தாள். "பேரு போட்டா என்னங்க சேர்? வேலைய செஞ்சிட்டு வரட்டும்."

"அவ வேற காலத்துல இருக்காம்மா. எப்படி வருவா?"

"எங்கம்மாவுக்கும் தெனம் காலையில பேரு போடுறாங்க. அந்திக்கு வீட்டுக்கு வந்துர்றாங்கதானே? இவள மட்டும் ஏன் சேர் அங்கயே விட்டுட்டு வந்தீங்க?"

பழனிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும் வேனில் தொடங்கினார். "மிஸ், அந்த முடிவு சரியில்ல. மாத்தணும்."

"ஒரு சின்னப் பெண் சொன்னதற்காகவா? பிள்ளைகளிடம் கை தூக்கச் சொல்லி வரலாறு எழுத முடியாது."

"வரலாறு நீங்க எழுதுங்க. என் கதையில வேல செஞ்ச களைப்போட புள்ள வீட்டுக்கு வரணும். நா முந்தி எழுதினதுல அவளுக்கு வேலயே இல்ல. நீங்க எழுத வச்சதுல அவளுக்கு வீடே இல்ல."

"அப்படியென்றால் முன்னுரை இல்லை."

"வேணாம் போங்க. நிசார் நானாதான் தலையில கைய வைப்பாரு."

வசந்தியை வீட்டுக்கு அழைத்துவரும் அந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அவர் இறந்துவிட்டார்.

இறுதிச் சடங்கில் பேசியவர்கள் அவரை மலையகத்தின் வரலாற்றாசிரியர் என்றார்கள். மாலை போட வந்த ஒரு பிரமுகர், 'சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பாட்டுகள் தந்த கவிஞர்' என்றார். பழனிமுத்து ஒரு பாட்டும் எழுதியதில்லை. இன்னொருவர், பேனாவைக் கையில் பிடித்தபடியே உயிர் பிரிந்தது என்றார். பிளேன்டி கேட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான் பிரிந்தது. படிக்காமல் புகழ்ந்தவர்களைவிடப் படித்துத் திட்டிய நான் அவரை மதித்தேன் என்றே நினைக்கிறேன். அதற்காக அந்தப் புத்தகங்கள் நல்ல புத்தகங்கள் ஆகிவிடாது.

கூட்டம் கலையும்போது நிசார் நானா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மிஸ், ஐயா மாத்தி எழுதப் போறேன்னு சொன்னாரு, தரல. அந்தப் புள்ள திரும்பி வராத முடிவுதான் என்கிட்ட இருக்கு. உங்களுக்கு அதுதானே புடிச்சிருந்துச்சு? அதையே அடிச்சிரவா? உங்க முன்னுரையும் வந்தா வாங்கிருவாங்க. இல்லாட்டி புத்தகம் பொட்டியிலதான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதிகமில்லை. அவருடைய துரையும் பிஸ்கட்டும் எனக்கு வேண்டாம். முழுதாக எழுதி முடித்த ஒன்றை, அதுவும் என்னைப் போன்றவர்கள் பாராட்டிய ஒன்றை, ஒரு சிறுமியின் கேள்விக்காகத் தூக்கிப்போடும் வெட்கமின்மை அவரிடம் இருந்தது. என் துறையில் அதை நான் கண்டதில்லை. அதை வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் வரக்காப்பொலவுக்குப் போனேன். வசந்தி திரும்பி வராத பக்கங்களை எடுத்துவிடச் சொன்னேன். அவளுக்குப் பேர் விழும் இடத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: "வேலை விட்டதும் வசந்தி வீட்டுக்கு வந்தாள்." நானா கணினித் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி வந்தான்னு புள்ளைங்க கேக்குமே மிஸ்?"

"கேட்கட்டும்."

முன்னுரையைக் கேட்டார். அந்தத் துரை இன்னும் கதையில் இருக்கிறார், முன்பு நான் சம்மதித்ததே தவறு, வரலாறு சரியென்று நான் எழுதித் தரமுடியாது என்றேன். அப்படியானால் கைநட்டத்தில்தான் அடிக்கவேண்டும் என்றார். பிறகு உள்ளே இருந்த வேலையாளிடம் அச்சுக்கு எடுக்கச் சொன்னார்.