அம்மாவின் சிலிண்டரில் எரிந்த உலை

கரும்பு வெட்டும் கத்தி என்றால் மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் என் பட்டறையைத்தான் கைகாட்டுவார்கள். கல்வராயன் மலையிலிருந்து கோடாரி அடிக்க இறங்குகிறவர்களும் நேராக என்னிடம்தான் வருவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற பொம்பளை இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கேயும் இல்லை. பன்னிரண்டு வயதில், கேஸில் எரியும் உலையை நானே யோசித்து நானே கட்டியவள் நான்.

கட்டியதற்குக் காரணம் காற்றுச் சக்கரம். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் பட்டறை. கரி உலைக்குக் காற்றடிக்கும் அந்த இரும்புச் சக்கரத்தைக் காலையிலிருந்து நான் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் உட்காருவது என் உடம்புக்கே ஆகாது. கை சுற்றிக்கொண்டிருக்கும், கால் எழுந்து ஓடப் பார்க்கும். ஐந்தாவது முடித்ததும் அப்பா என்னை அதில் உட்காரவைத்ததற்காக அம்மா ஒரு மாதம் அவரோடு பேசாமலே சோறு போட்டாள். கடைசியில் அப்பா, “சக்கரம் சுத்த ஆளே வேணாம்னு ஆவட்டும், அன்னிக்கே ஆறாவது சேத்து வுட்றேன்” என்றார். அப்படி ஒரு நாள் வராது என்ற தைரியம்.

அந்த வருஷம் மலையடிவாரத்திலிருந்து கரி வருவது நின்றுபோனது. காட்டிலாகாக்காரர்கள் மூட்டைகளைப் பிடித்துவிட்டார்கள். கரும்பு ஆலை திறக்கும் நேரம். அடிக்க வேண்டிய கத்திகள் குவிந்து கிடந்தன. வீட்டுக்குள்ளேயோ எங்கள் தெருவின் முதல் கேஸ் சிலிண்டர். விறகுப் புகையில் இருமி இளைத்த அம்மாவுக்காக, கல்யாணச் சமையலுக்குப் போகும் என் மாமா அலைந்து வாங்கிக் கொடுத்தது. அடுப்பின் நீல நெருப்பைப் பார்த்தால் எனக்குச் சோறு நினைவுக்கு வராது, இரும்புதான் வரும்.

ஒரு இரும்பு பெயிண்ட் டப்பாவைப் படுக்கவைத்தேன். வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குப் பூசுவதுபோல் களிமண்ணும் சாணியும் குழைத்து உள்ளே தடவினேன். காயும்வரை பொறுக்க யாரால் முடியும்? மறுநாளே சிலிண்டரை உருட்டினேன். வாசற்படியில் அம்மா பிடித்துவிட்டாள்.

“இன்னாடி பண்ற?”

“இது எரிஞ்சா சக்கரம் வேணாம்மா.”

முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு மறுபக்கம் குனிந்து அவளும் ஒரு கை கொடுத்துத் தூக்கினாள்.

பற்றவைத்த ஐந்தாம் நிமிஷம் ஈர மண் வேர்க்கடலைபோல் வெடித்துச் சிதறியது. அப்பா சிரித்தார். “பொரி வறுக்கவா கட்டின?”

மறுபடி கட்டினேன். இந்தத் தடவை களிமண்ணோடு ரைஸ் மில் உமிச்சாம்பல். எட்டு நாள் காயவிட்டேன். அந்த எட்டு நாளும் மணிக்கொரு தரம் ஓடிப்போய் விரலால் அழுத்திப் பார்த்தேன். கேஸ் மெலிசாகப் பீறிட, பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஊசித்துளை நிப்பிளை, டப்பாவுக்குள் நெருப்பு விடும் இரும்புக் குழாய்க்குள் வைத்தேன். பெரிய அடுப்புக்குப் போடும் திருகு ரெகுலேட்டரை மாமாவிடம் கெஞ்சி வாங்கினேன். நெருப்பு வந்தது, ஆனால் மஞ்சளாக, புகையும் கரியுமாக. காற்று போதவில்லை என்று எனக்கே தோன்றியது. குழாயின் பின்புறம் நாலு ஓட்டை போட்டு, அவற்றின் மேல் ஒரு தகரப் பட்டையைச் சுற்றினேன். பட்டையை மயிரிழை நகர்த்தியதும் நெருப்பு நீலமாகி உறுமியது. சக்கரத்தை யாரும் தொடவில்லை. கத்தித் தகடு ஆரஞ்சாகப் பழுத்தது.

அப்பா முதல் கத்தியை அடித்து முடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்தார். “சரி, சொன்னது சொன்னதுதான். நாளையிலேர்ந்து நானே பத்த வெச்சிக்கட்டா?”

அவர் பட்டையை நகர்த்தினார். நெருப்பு பொக்கென்று அணைந்தது. இன்னொரு தரம் முயன்றார், மஞ்சளாகப் புகைந்தது. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

“உன்னால ஆவாதுப்பா. இது என் கைக்குத்தான் அடங்கும். நா இல்லாம இந்த உலை எரியாது.”

“அப்பிடியா சொல்ற?” என்றார் அப்பா, மெதுவாக.

“ஆமா. எத்தினி கத்தி வேணும்னாலும் கொண்டா.”

அப்பா அடுத்த தகட்டை என் பக்கம் தள்ளினார். திரும்பிப் பார்த்தேன். கதவோரம் அம்மா நின்றிருந்தாள். கையில் என் பழைய நீலப் பள்ளிக்கூடப் பாவாடை. ஓரத்தைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தாள் போல. ஊசி அதிலேயே தொங்கியது. நான் நெருப்பைக் காட்டிச் சிரித்தேன். அவள் பாவாடையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் விறகடுப்பின் முன்னால் இருமிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிலிண்டரை எடுத்துக்கொண்ட கோபம் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நா பெருசானதும் உனக்கு ரெண்டு சிலிண்டர் வாங்கித் தரேம்மா” என்றேன், பெருமையாக.