தையலுக்குள் போன பெயர்

பாங்காக்கில் நான் கடை திறக்கும் நேரத்துக்குத்தான் பிட்சுகள் வெறுங்காலோடு பாத்திரம் ஏந்தி வருவார்கள். சோறு போடுகிறவன் செருப்பைக் கழற்றி, மண்டியிட்டுக் கும்பிட வேண்டும். வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை. ஒரு வாழ்த்தை முணுமுணுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். வந்த புதிதில் எனக்கு இது பெரிய பேஜார். கொடுத்தவனும் நான், கும்பிடுகிறவனும் நானா? என் கடையில் வேலை செய்யும் மாலி என்ற தாய்லாந்துப் பெண் சிரிப்பாள். "நன்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும் முதலாளி. கொடுக்க இடம் கொடுத்தாரே!"

நான் ஆரணிப் பக்கம் சேவூர்க்காரன். மூன்றாம் வகுப்போடு படிப்பு போதும் என்று நின்றவன். பாங்காக்கில் இதே தெருவில் அடுத்தவன் கடையில் துணி மடித்தவன், இன்று சொந்தமாகப் பட்டுக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர் மொழியில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்த ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான்.

சேவூர் மாரியம்மன் கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது, மூன்று இறக்கையிலும் 'உபயம்: சி. முனிரத்தினம், பாங்காக்' என்று எழுத வைத்தேன். ஓடினால் பேர் தெரியாது என்பது மாட்டிய பிறகுதான் உறைத்தது. அதனால் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பூசாரி என்னைக் கண்டதும் சுவிட்சை அணைப்பார். "உபயக்காரர் வந்துகினு இருக்காரு, கொஞ்சம் வேர்வையைப் பொறுத்துக்கங்க" என்பார். ஜனம் முந்தானையால் விசிறிக்கொள்ளும். நான் அண்ணாந்து பேரைப் படிப்பேன்.

சிரிக்காதீர்கள். என் அப்பா சின்னப்பையன் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். வரப்பில் நின்றவர்கள் எல்லாம் அவரை 'டேய்' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பேர் உண்டு என்பதே ரேஷன் கார்டு வந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. செத்த பிறகாவது அந்தப் பேர் ஒரு பெரிய இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் வெறி.

மழைக்காலம் முடிந்ததும் இங்கே பிட்சுகளுக்குத் துணி கொடுக்கும் 'கதின்' விழா வரும். முள்ளிப்பட்டில் எனக்கு நெய்து தரும் ஏழுமலைக்குப் போன் போட்டேன். மஞ்சள் பட்டு, ஜரிகை வேண்டாம், துணி முழுக்கச் சிவப்பு இழையில் அப்பா பேர்.

"இன்னாண்ணா, பிச்சை வாங்குற சாமியாருக்குப் பட்டா? அதுல பேரு வேறயா?"

"நெய்யிடா. பெருசா தெரியணும்."

"பெருசா போடறேன். அவரு நடந்து போனா எலக்‌ஷன் போஸ்டர் போற மாரி இருக்கும், போதுமா?"

துணி வந்தது. அப்படி ஒரு நெசவு! விழா நாளில் எல்லோரும் பார்க்க விரித்துக் காட்டினேன். தலைமைப் பிட்சு தடவிப் பார்த்தார், தலையசைத்தார், கத்தரியை எடுத்தார். தறியிலிருந்து இறக்கிய முழுப் பட்டில் கத்தரி! ஆரணிப் பக்கத்து ஆள் எவனும் தாங்குவானா? "ஐயோ, நிறுத்துங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். நிறம் பிடிக்கவில்லை என்று கத்துவதாக நினைத்தார் போலும். "கவலைப்படாதே, சாயம் போட்டுவிடுவோம்" என்று அவர் பாஷையில் ஆறுதல் சொன்னார். அப்பா பேர் துண்டு துண்டாகப் பாயில் விழுந்தது.

மாலியிடம் ஆத்திரத்தைக் கொட்டினேன். அவள் என்னை நேராகத் தலைமைப் பிட்சுவிடமே கூட்டிப் போனாள்.

"அது என் அப்பா பேர், சாமி."

அவர் தைத்துக்கொண்டிருந்த அங்கியை என் முன் விரித்தார். "முழுத் துணியை நாங்கள் உடுத்துவதில்லை. வெட்டினால் அதன் மதிப்பு போய்விடும், திருடனுக்கும் ஆசை வராது, உடுத்துகிறவனுக்கும் வராது." பிறகு தையல் கோடுகளைத் தொட்டுக் காட்டினார். "புத்தர் ஒருமுறை நெல் வயலைப் பார்த்து, அங்கியை இப்படித் தைக்கச் சொன்னார். இது வயல். இந்தத் தையல் வரப்பு. உன் அப்பா இதற்குள்தான் இருக்கிறார்."

நான் குனிந்து அந்தத் தையல் கோட்டைத் தடவிப் பார்த்தேன். சொந்தமாக ஒரு முழ வரப்பு இல்லாத மனிதர் என் அப்பா. அன்று மாலைக்குள் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். சிவப்பு இழை மறைந்துவிட்டது. எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல வருஷமாகத் தலையில் சுமந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கியது போலத்தான் இருந்தது. புத்தர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சந்தோஷம் என்று நான் இறுக்கிப் பிடித்திருந்ததுதான் கையை வலிக்க வைத்தது.

போன மாதம் சேவூர் போனேன். கோயிலில் கூட்டம். பூசாரி வழக்கம்போல் சுவிட்சுக்கு ஓடினார்.

"உடுங்க சாமி, சுத்தட்டும்."

"பேரு தெரியாதுங்களே?"

"காத்து வருதில்ல?"

அவர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒரு மாதிரி பார்த்தார். நான் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தேன். முதல் தடவையாக அதன் காற்று என்மேல் பட்டது. சேவூரில் அப்போதுதான் விடிந்திருந்தது. அங்கே பாங்காக்கில் என் கடை வாசலைக் கடந்து முள்ளிப்பட்டுப் பட்டு வெறுங்காலோடு போயிருக்கும். இங்கே என் பேர் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே என் அப்பா யாரோ ஒருவர் தோளில், தன் வயலோடு, தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்.