காற்று விழும் முகூர்த்தம்

என் கணவரின் தம்பிக்குக் கனடாவில் கலியாணம் நிச்சயமானபோது, முகூர்த்தத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போடச் சொல்லிக் கேட்ட ஒரே ஆள் நான்தான். காரணத்தையும் சொன்னேன். அந்த நேரத்தில் கொட்டியாரக் குடாவில் காற்று விழுந்துவிடும். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரொறன்ரோவில நடக்கிற கலியாணத்துக்கு இஞ்ச காத்து விழுந்தா என்ன, எழும்பினா என்ன?"

நியாயமான கேள்வி. விளங்கப்படுத்துவதும் என் தொழிலில் ஒரு பகுதி. விளங்கப்படுத்தி ஒருவரையும் இதுவரை நான் சந்தோசப்படுத்தியதில்லை.

மாமிக்குச் சம்பூரில் வீடு. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து கட்டியது. பள்ளக் காணி என்பதால் கைத்தொலைபேசியில் ஒரு கோடுதான் காட்டும். கதைக்கலாம், படம் வராது. நான் திருகோணமலையில் ஒரு சின்ன இன்ரநெற் கொம்பனியில் வேலை செய்கிறேன். உவர்மலையில் எங்கள் அலைபரப்பும் கோபுரம் நிற்கிறது. குடாப் பக்கம் அதற்கு மூன்றே மூன்று வாடிக்கையாளர்: கிண்ணியாவில் ஒரு இரும்புக்கடைக்காரர், மூதூரில் ஒரு பாடசாலை, சம்பூரில் மாமி. மூவரின் கூரையிலும் கோபுரத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு அன்ரெனாத் தட்டு. மாமியின் தட்டை நானே ஏறிப் பூட்டினேன். "மருமகள் கூரையில சட்டி கவுத்து வச்சிருக்கிறாள்" என்று மாமி ஊர் முழுக்கச் சொன்னார்.

கடலுக்கு மேலால் போகும் இன்ரநெற் அலைக்கு ஒரு வியாதி உண்டு. நேரே வருவது ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து வருவது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கலியாணம் கட்டிய எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கடலைக் கிளறிக்கொண்டிருந்தால் தெறிப்பு சிதறிப் படம் பளிச்சென்று வரும். கடல் எண்ணெய் ஊற்றியது போல அடங்கிக் கிடந்தால்தான் ஆபத்து. உல்லாசப் பயணிகள் ஓடி ஓடிப் படம் பிடிக்கும் அந்த அழகான பின்னேரங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கோபுரம் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். கண் இமைப்பதற்குள் ஆளை மாற்றி மாற்றிப் பேசுவதால் ஒவ்வொருவரும் தன்னோடேயே பேசுவதாக நினைத்துக்கொள்வார். அடுத்தது யார் என்று தீர்மானிக்கும் புரோகிராமை நான் எழுதினேன். விதி சுலபம்: இந்த நொடியில் யாருக்கு நன்றாகக் கேட்கிறதோ அவருக்கே முறை. ஒருவருக்குக் குறையும்போது இன்னொருவருக்குக் கூடும், கடைசியில் எல்லாருக்கும் பங்கு கிடைத்துவிடும். இதற்காகத்தான் எனக்கு முதுமாணிப் பட்டமும் தந்தார்கள். எல்லாருக்கும் ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி இருக்கும் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதியிருந்தேன். பரீட்சகர்கள் அந்த வரியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர்கள் ஒருவரும் சம்பூரில் இருக்கவில்லை.

புரோகிராமைப் போட்டதும் கோபுரத்தின் மொத்த வேகம் ஏறியது. முகாமையாளர் தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதே கிழமையிலிருந்து மாமி முறைப்பாடு சொல்லத் தொடங்கினார்: பின்னேரமானால் படம் நின்றுவிடுகிறது. நான் அவருடைய தொலைபேசியைக் குறை சொன்னேன். பிறகு மின்விசிறியை. கடைசியில் முற்றத்து முருங்கை மறைக்கிறது என்று அதை வெட்டுவித்தேன். பூவும் பிஞ்சுமாய் நின்ற மரம். மாமி கத்தியை எடுத்துத் தந்தார். மரம் விழுந்த பிறகும் படம் நின்றபோதுதான் எனக்குக் கடலில் சந்தேகம் வந்தது.

கலியாணத்துக்குப் போக மாமிக்கு விசா கிடைக்கவில்லை. என் கணவருக்குக் கிடைத்தது. கடைக்குட்டியின் தாலிகட்டை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மாமியின் ஒரே ஆசை. அதற்கு இருந்த ஒரே வழி கூரையிலிருந்த அந்தச் சட்டி.

அன்று பின்னேரம் ஊரே விறாந்தையில் இருந்தது. இரவல் கதிரைகள், குசினியில் பெரிய கேத்தலில் கோப்பி. மாமி புதுச் சேலை உடுத்து, வாழ்த்திப் போடும் அறுகரிசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். ரொறன்ரோவில் காலை ஒன்பது தாண்டியிருந்தது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் தொங்கிய மாவிலை அசையாமல் நின்றதை நான் கண்டேன். கொஞ்ச நேரத்தில் படமும் நின்றது. என் கணவர் சரியாகக் கமராவுக்குக் குறுக்கே வந்திருந்தார். திரை முழுக்க அவருடைய முதுகு.

மடிக்கணினியைத் திறந்தேன். கோபுரம் யாருக்கு எத்தனை முறை கொடுத்தது என்று காற்று விழ முதல் இறங்கிய பட்டியல் அதிலேயே இருந்தது. கிண்ணியாவுக்குக் கிட்டத்தட்ட எல்லாம். மூதூர்ப் பாடசாலை பூட்டு. சம்பூருக்குச் சொட்டுச் சொட்டாய் ஏதோ. இப்போது அதுவும் இல்லை. கோபுரத்துக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில் திறந்த கடல் குறைவு; காற்று விழுந்தாலும் எழும்பினாலும் அவருக்கு நன்றாகவே கேட்கும். அதனால் என் விதிப்படி எப்போதும் அவருக்கே முறை. வியாதி கடலில்தான், ஆனால் இரண்டு மாதமாக மாமியைப் பட்டினி போட்டது நான்.

விதியை மாற்றலாம் என்றால், என் கட்டளையும் இதே தட்டு வழியாகத்தான் போகவேண்டும். அதுவும் வரிசையில் நின்றது. நான் எழுதிய விதிப்படி அதற்கு முறை வரவே வராது. முகாமையாளர் கொழும்பில். அலுவலகம் பூட்டு.

இரும்புக்கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்களிடம் ஒருநாளும் முறைப்பாடு சொல்லாத ஒரே வாடிக்கையாளர். ஏனென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணன், உங்கட பெட்டியைக் கொஞ்சம் நிப்பாட்டேலுமோ?"

"மெச் பாத்துக்கொண்டிருக்கன் தங்கச்சி. ஆறு ஓவர்தான் மிச்சம். ஏன், பெட்டியில பிழையா?"

"பெட்டியில இல்லை. என்னில."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் அலைவரிசை பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தாலி கட்டப் போறாங்களா?"

"இப்ப."

"நிப்பாட்டிட்டன்" என்று வைத்துவிட்டார்.

சம்பூருக்கு முறை வந்தது. ஆனால் கடல் அப்படியேதான் கிடந்தது. நன்றாகக் கேட்டால் கோபுரம் வேகமாகப் பேசும். கேட்காவிட்டால் காது மந்தமானவரிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகப் பேசும். அந்தப் பகுதியையும் நான்தான் எழுதினேன். அது ஒழுங்காக வேலை செய்தது. முதலில் சத்தம் வந்தது. நாதஸ்வரம், பிறகு யாரோ கத்தியது, அதோடு கெட்டிமேளம். படம் அசையவில்லை. மாமி எழுந்து நின்று, மூத்த மகனின் முதுகைப் பார்த்து அறுகரிசி போட்டார். விறாந்தை முழுக்க எழுந்து அந்த முதுகுக்கே போட்டது. படம் உயிர்பெற்றபோது பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தமுறை வடிவா வரும் மாமி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். கடைக்குட்டிக்குப் பிறகு எது அடுத்தமுறை?

மாமி குனிந்து நிலத்தில் கிடந்த அறுகரிசியைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

"முருங்கையில பிழை இல்லை மாமி. நான் எழுதின விதியிலதான் பிழை."

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தா மரம் மிஞ்சியிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்த வரியை மாற்றினேன். நன்றாகக் கேட்பவருக்கும் முறை உண்டு. கனநேரம் கிடைக்காமல் இருந்தவருக்கும் முறை உண்டு. மொத்த வேகம் இறங்கியது. முகாமையாளர் பிறகு தேத்தண்ணி ஊற்றித் தரவில்லை.

ஆனால் கலியாணத்தன்றே இன்னொரு பிழையும் விட்டிருந்தேன். சனம் கோப்பி குடித்துக் கலைந்து, நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இரும்புக்கடைக்காரர்.

"தங்கச்சி, முடிச்சு விழுந்திட்டா? நீங்க சொல்லாததால இன்னும் நிப்பாட்டித்தான் வெச்சிரிக்கன். அம்மா கண்டாவா?"

பக்கத்தில் நின்ற மாமிக்கும் அது கேட்டிருந்தது. மாமி என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினார்.

"கண்டனான் தம்பி. வடிவாக் கண்டனான். மூண்டு முடிச்சையும் கண்டனான். நீங்கள் இனி மெச்சைப் போட்டுப் பாருங்கோ."

மெச் எப்போதோ முடிந்திருந்தது.