தவிட்டுக்கு விற்ற பிள்ளை

எனக்கு முதலில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் பன்னிரண்டாம் நாள் போனார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி. பாலைக் கக்கினார்கள், அழுகை நின்றது, கைகால் ஜில்லிட்டது. கண் மட்டும் திறந்தபடி என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தது. கேரள மலையில், சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் யாரும் அந்தக் கண் பார்த்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

எழுபதுகளின் நடுவில் மூன்றாமவன் பிறந்தான். அன்றே அவனைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றேன். பிள்ளை தங்காத வீட்டில் அப்படித்தான் செய்வோம். தேடி வரும் சாவு, இது வேறொருத்தி பிள்ளை என்று திரும்பிவிடும். அதற்கு அவ்வளவுதான் புத்தி என்று நினைத்தோம். பால் கொடுத்து முடித்ததும், "ஒன் பிள்ளைய எடுத்துட்டுப் போக்கா" என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன்.

பன்னிரண்டாம் நாள் காலை அவனும் கக்கினான். அழுகை நின்றது. அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் யாரோ போலப் பின்னால் போனேன். பட்டப்பகலில் மலை மஞ்சு வெள்ளைப் புகையாக ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது.

டாக்டர் பிள்ளையின் கையில் துணியை இறுகச் சுற்றி வெளுக்க வைத்தார். மேலே பிரஷர் பார்க்கும் சின்னப் பட்டை கட்டிக் காற்றடித்தார். துணியை அவிழ்த்து, காற்றை மெல்ல இறக்கினார். ரத்தம் திரும்பிக் கை சிவக்க வேண்டும். சிவக்கவே இல்லை. குளுக்கோஸ் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை.

"மூத்த பிள்ளைகளுக்கு இப்படி உண்டாச்சா?" என்று, அக்காதான் தாய் என்று நினைத்து, அவளிடம் கேட்டார்.

"இல்ல சார். மூணும் நல்லா இருக்குதுக."

அவள் பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். நான் வாய் திறந்தால் தேடி வந்த சாவு கேட்டுவிடும். திறக்காவிட்டால் டாக்டருக்குத் தெரியாது. பயம் போய் ஆத்திரம் வந்தது.

"நான் பெத்தது சார்! முந்துன ரெண்டும் இப்படியேதான் செத்துச்சு!"

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது. சத்தியமாகப் பட்டது.

டாக்டர் அலமாரிக்கு ஓடினார். சிறுநீரகத்தின் மேல் ஒரு சுரப்பி உண்டு, அது வேலை செய்யாவிட்டால் உடம்பில் உப்பு தங்காது, பிரஷர் விழுந்துவிடும் என்று பிறகு சொன்னார். மூச்சிழுப்புக்காரர்களுக்காக வைத்திருந்த ஹைட்ரோகார்டிசோன் ஊசியைப் போட்டு, உப்புத் தண்ணீர் ஏற்றினார். மத்தியானத்துக்கு மேல் மறுபடி துணியைச் சுற்றி அவிழ்த்தபோது உள்ளங்கை சிவந்தது. நான் ஓவென்று அழுதேன்.

மாத்திரையும் உப்புமாக வளர்ந்து, இப்போது என்னைவிட ஒரு முழம் உயரமாக நிற்கிறான். அன்று என் பின்னால் நின்று கேட்டது எங்கே போனதென்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே அவனை இன்றுவரை நான் ‘மகனே’ என்று கூப்பிட்டதில்லை.